ஆப்பிரிக்காவுல ஏழைப் பிள்ளைங்களுக்கு ஸ்கூல் கட்ட டிரஸ்ட் ஆரம்பிக்கணும், எங்க இருந்து தொடங்குறது?

நீங்க எழுதியிருக்கிறத வச்சுப் பாத்தா கையில ஒரு அஞ்சு லட்சம் இருக்கு, கூட நாலு ஃப்ரெண்ட்ஸ் இருக்காங்க, கென்யாவுலயோ உகாண்டாவுலயோ ஒரு ஸ்கூல் கட்டணும், அதுக்கு டிரஸ்ட் எப்படிப் பதிவு பண்றதுன்னு கேக்குறீங்க. அநேகமா சின்ன வயசாதான் இருப்பீங்க. தப்பா நெனைக்காதீங்க, நானும் இதே ஆசையோட ஆரம்பிச்சவதான், அதான் வேலைய அப்படியே போட்டுட்டு உக்காந்து டைப் பண்றேன்.

2008 கடைசியில இருந்து 2015 வரைக்கும் கென்யாவுல கிசுமுவுல இருந்தோம், விக்டோரியா ஏரிக்கரை ஊரு. வீட்டுக்காரருக்கு ஃபேக்டரி வேலை, நான் ஒரு ஹார்டுவேர் மொத்த வியாபாரக் கடையில கணக்குப் பாத்தேன். தமிழ்க் குடும்பம் அஞ்சாறு இருந்தோம். 2011 பொங்கலுக்கு எல்லாரும் ஒரு வீட்டுல கூடினப்போதான் பேச்சு வந்துச்சு, இந்த ஊரு நமக்குச் சோறு போடுது, இங்க ஏதாவது செய்யணும்னு. சிமெண்டும் தகரமும் எங்க கடையில அடக்க விலைக்கே கிடைக்கும், அப்புறம் என்ன, ஸ்கூல்தான்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டோம்.

மசேனோல பூமத்திய ரேகை போர்டு ஒண்ணு இருக்கும், அதைத் தாண்டி சியாயா பக்கம் உள்ள போனா ஒரு அரசுப் பள்ளிக்கூடம். 2003 ஜனவரியில ஜனாதிபதி கிபாகியோட கவர்மெண்ட் தொடக்கப்பள்ளிக் கட்டணத்தை எடுத்தப்போ நாடு முழுக்க பத்து லட்சத்துக்கு மேல பிள்ளைங்க புதுசா வந்து சேந்தாங்க, ஆனா அதுக்கேத்த வாத்தியாரும் வரல ரூமும் வரல. நாங்க போனப்போ ஒண்ணாங்கிளாஸ் மாமரத்தடியில நடந்துட்டு இருந்துச்சு, 92 பிள்ளைங்க, ஒரே டீச்சர்.

ஹெட்மாஸ்டர் ரொம்பப் பொறுமையான மனுஷன். ரூம் கட்டித் தர்றோம்னு சொன்னோம், நன்றி சொன்னாரு. சொல்லிட்டு அட்டெண்டன்ஸ் நோட்டை எடுத்து என் முன்னாடி விரிச்சாரு. காலையில ஒரு கட்டம், மத்தியானம் ஒரு கட்டம். காலையில வரிசையா டிக்கு, மத்தியானம் பாதிக்கு மேல வெறும் கட்டம். சாப்பிட வீட்டுக்குப் போற பிள்ளைங்க திரும்பி வர்றதில்ல, ஏன்னா வீட்டுலயும் சாப்பாடு இல்ல, ரெண்டு மூணு கிலோமீட்டர் வெறும் வயித்தோட யாரு திரும்ப நடந்து வருவா. ரூம் மெதுவா ஆகட்டும், மதியத்துக்கு மக்காச்சோளமும் பீன்ஸும், ரெண்டு வருஷத்துக்கு ஒரு டீச்சர் சம்பளமும் தர முடியுமான்னு கேட்டாரு. நம்ம ஊர்ல பெத்தவங்க காசு போட்டு பி.டி.ஏ. டீச்சர் வைப்பாங்கல்ல, அங்கயும் அதே பேருதான். மாசம் ஆறாயிரம் ஷில்லிங், அப்போ ஒரு ரூபாய்க்குக் கிட்டத்தட்ட ரெண்டு ஷில்லிங், பாத்துக்கோங்க.

நாள் முழுக்க கணக்கு நோட்டு பாக்குறவ நான், அந்த நோட்டைப் பாத்தும் எனக்கு உறைக்கல. சம்பளம் குடுத்தா செலவாயிடும், சோறு போட்டா தின்னு தீந்துடும், கட்டடம்னா நாப்பது வருஷம் நிக்கும்னு நாங்களே பேசி முடிச்சுக்கிட்டோம். உண்மையச் சொன்னா எல்லாருக்கும் போர்டுல பேரு வரணும்.

ரூம் கட்ட ஆறு லட்சம் ஷில்லிங் ஆச்சு. திறப்பு விழாவுக்கு ஆடு வெட்டி ஊரே சாப்பிட்டுச்சு, பிள்ளைங்க பாடினாங்க, நான் அழுதேன். அடுத்த மழைக்காலத்துல போய்ப் பாத்தா அந்த ரூமுல யாரும் இல்ல. தகரக் கூரைக்குக் கீழ சீலிங் போடல, மழை பேஞ்சா டீச்சர் கத்துறது முதல் பெஞ்சுக்கே கேக்காது. அது கூடப் பரவால்ல, ரெண்டாப் பிரிச்சு உக்கார வைக்க ரெண்டாவது டீச்சர் இல்லையே. 92 பேரும் பழையபடி ஒரே இடத்துல, எங்க பேரு போட்ட ரூமுல பூட்டு.

கட்டடமே வேணாம்னு சொல்றேன்னு யாரும் கமெண்ட்ல வந்துடாதீங்க. அங்க மண் தரையில ஃபுன்ஸான்னு ஒரு பூச்சி, கால் விரல் இடுக்குல நகத்தடியில துளைச்சு உள்ள போய் முட்டை வைக்கும். ஒரு அக்கா தன் தம்பி காலை மடியில வச்சுக்கிட்டு ஊக்கால ஒவ்வொண்ணா தோண்டி எடுத்துட்டு இருந்தத நான் பாத்தேன், அந்தப் பையன் சத்தமே போடல, பழகிப் போச்சு. சிமெண்ட் தரைக்கு அங்க மதிப்பு இருக்கு. ஆனா ஹெட்மாஸ்டர் முதல்ல கேட்டது அது இல்ல.

எனக்கு இதுல வேற ஒரு வலி இருக்கு. 1982ல எம்.ஜி.ஆர். சத்துணவு கொண்டு வந்தப்போ நான் ரெண்டாங்கிளாஸ். எங்க அம்மா களையெடுக்கப் போனா பொழுது சாஞ்சுதான் வருவாங்க. தட்டைத் தூக்கிட்டு வரிசையில நின்னு சாப்பிட்டுத்தான் நான் மத்தியானக் கிளாஸ்ல உக்காந்தேன், அந்தச் சோறு இல்லன்னா கணக்கும் இல்ல, கிசுமுவும் இல்ல. அப்படிப்பட்ட எனக்கு ஒரு ஹெட்மாஸ்டர் சோறு கேக்கும்போது புரியலையே. இன்னைக்கு வரைக்கும் அது மனசுல அறுக்குது.

2012ல இருந்து மாத்திக்கிட்டோம். நம்ம ஊரு படி மாதிரி அங்க கோரோகோரோன்னு ரெண்டு கிலோ டின் அளவு. அளந்து அளந்து மக்காச்சோளத்தையும் பீன்ஸையும் பெரிய பானையில போட்டு காலையிலயே அடுப்புல ஏத்திடுவாங்க, கிதேரின்னு பேரு, வேக நாலஞ்சு மணி நேரம் ஆகும். விறகு பெத்தவங்க முறை வச்சுக் கொண்டு வருவாங்க, அது அவங்க பங்கு. பி.டி.ஏ. டீச்சராவும் ஒரு பொண்ணு வந்தா, பக்கத்து ஊரு, அந்தப் பக்கம் பேசுற லுவோ மொழியிலயே சொல்லிக் குடுப்பா. பூட்டுன ரூம் தொறந்துச்சு. அந்த டெர்ம் முடிவுல மத்தியானக் கட்டத்துல வெறும் இடத்தைத் தேட வேண்டியிருந்துச்சு.

மொழியையும் யோசிங்க. 2019ல பொருளாதார நோபல் வாங்கின மைக்கேல் க்ரெமரும் கூட இருந்தவங்களும் அதே மேற்கு கென்யாவுல ஸ்கூல்களுக்குப் பாடப்புத்தகம் குடுத்துப் பாத்தாங்க. ஏற்கெனவே நல்லாப் படிக்கிறவங்களுக்கு மட்டும்தான் மார்க் கூடுச்சு. புத்தகம் இங்கிலீஷ், பெரும்பாலான பிள்ளைங்களுக்கு அது மூணாவது மொழி. புசியா பக்கம் 75 ஸ்கூல்ல வயித்துப் பூச்சி மாத்திரை குடுத்தப்போ ஆப்சென்ட் கால்வாசி குறைஞ்சுதுன்னு வந்துச்சு, அதைப் பத்தி பின்னாடி ஆராய்ச்சி பண்றவங்களுக்குள்ள பெரிய சண்டையே நடந்துச்சு, தெரியும், அதனால அதை மட்டும் நம்புங்கன்னு சொல்லல.

"நம்ம ஊர்லயே ஏழைப் பிள்ளைங்க இருக்கே, ஏன் ஆப்பிரிக்கா"ன்னு உங்களையும் கேப்பாங்க. என்னைக் கேக்காத சொந்தக்காரங்க இல்ல. ஏழு வருஷம் அந்த ஊரு உப்பைத் தின்னேன், எனக்கு அது போதும். ஆனா கேக்குறவங்க என்ன பண்ணாங்கன்னு நானும் கேப்பேன். நான் படிச்ச ஸ்கூல்ல பழைய மாணவர் சங்கம்னு சேத்து வாட்ஸப் குரூப்ல மாசக்கணக்கா வசூல் பண்ணி கடைசியில வாசல்ல ஒரு ஆர்ச் கட்டினாங்க, கிரானைட்ல பேரு போட்டு. பொம்பளப் பிள்ளைங்க பாத்ரூமுல தண்ணி வரல, அதுக்குக் குடுங்கன்னு நான் மூணு தடவ எழுதினேன், யாரும் பதில் போடல, நாலாவது தடவ குரூப்ல இருந்தே எடுத்துட்டாங்க. இப்பவும் அந்தப் பிள்ளைங்க தண்ணியே குடிக்காம சாயங்காலம் வரைக்கும் அடக்கிட்டு உக்காந்திருக்குதுங்க, அந்த ஆர்ச்சுக்குக் கீழதான் தினம் நுழையுதுங்க. சரி, உங்க கேள்விக்கு வர்றேன்.

டிரஸ்ட் விஷயம். இந்தியாவுல பதிவு பண்ற டிரஸ்ட் பணத்தை வெளிநாட்டுல செலவு பண்ணா, மத்திய நேரடி வரிகள் வாரியத்தோட அனுமதி இல்லாம அந்தச் செலவுக்கு வருமான வரி விலக்கு கிடைக்காது. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கின ஃப்ரெண்டு பணம் போட்டா எஃப்.சி.ஆர்.ஏ., அதாவது வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துல அனுமதி வேணும். அஞ்சு லட்சத்துக்கு ஆடிட்டர் ஃபீஸ், வருஷா வருஷம் ரிட்டர்ன், இதெல்லாம் தேவையா சொல்லுங்க. ஏற்கெனவே நடக்குற ஒரு பள்ளிக்கூடத்துக்கு உங்க சொந்தக் கணக்குல இருந்தே பேங்க் மூலமா நன்கொடையா அனுப்பலாம், நாங்க அப்படித்தான் பண்றோம். ஆனா அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு தடவ நேர்ல போங்க, போய் அந்த அட்டெண்டன்ஸ் நோட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்க, ஹெட்மாஸ்டர் என்ன கேக்குறாரோ அதை எழுதிக்கிட்டு வாங்க.

அந்த ஹெட்மாஸ்டர் ரிட்டயர்டு ஆயிட்டாரு. இப்போ இருக்கிற மேடம் ஒவ்வொரு டெர்ம் முடிவுலயும் நோட்டை ஃபோட்டோ எடுத்து வாட்ஸப்ல அனுப்புவாங்க, ரெண்டு கட்டமும் தெரியுற மாதிரி. போன வாரம் வந்ததுல பீன்ஸ் விலை ஏறிப் போச்சுன்னு ஒரு வரி இருந்துச்சு. இப்பவும் சேந்து அனுப்புற மத்த மூணு வீட்டுக்கும் ஃபோன் போட்டுட்டேன், ஒண்ணாந்தேதி சம்பளம் வந்ததும் அனுப்பணும்.