எம்.பி. பேசினால் போதுமா?

கேள்வி: எங்கள் ஊர் ரயில்வே கேட்டை மூடிவிட்டுச் சுரங்கப்பாதை கட்டினார்கள். மழை வந்தால் இடுப்பளவு தண்ணீர் நிற்கிறது. எம்.பி.யிடம் மூன்று முறை மனு கொடுத்துவிட்டோம். "மக்களவையில் பேசுகிறேன்" என்கிறார். பேசினால் வேலை நடக்குமா?

பதில்: பேசச் சொல்லாதீர்கள், கேள்வி போடச் சொல்லுங்கள். இரண்டுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

நீங்கள் டிவியில் பார்க்கும் ஆவேசப் பேச்சு பெரும்பாலும் பூஜ்ய நேரத்தில், அதாவது கேள்வி நேரம் முடிந்தபின் உறுப்பினர்கள் அவசர விஷயங்களை எழுப்பும் நேரத்தில், நடப்பது. அதற்கு அமைச்சர் பதில் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கேள்வி அப்படியல்ல. அது ஏற்கப்பட்டுவிட்டால் அமைச்சர் பெயரில் பதில் வந்தே ஆக வேண்டும், அது அவைப் பதிவில் நிற்கும்.

நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் அவையில் எழுந்து பதில் சொல்வார். துணைக் கேள்வியும் கேட்கலாம். ஆனால் ஒரு நாளைக்கு 20 கேள்விகள்தான், அதுவும் குலுக்கலில் வர வேண்டும். குறியிடாத கேள்விக்கு எழுத்தில் பதில் வரும், ஒரு நாளைக்கு 230 வரை இடம் உண்டு. ஒரு சுரங்கப்பாதைக்கு இதுவே போதும் என்பேன்.

சரி, கேள்வியை எப்படி எழுதுவது? நீங்களே எழுதி எம்.பி. அலுவலகத்தில் கொடுங்கள். "தண்ணீர் தேங்குவது அரசுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டால் "தெரியும், நடவடிக்கை எடுக்கப்படுகிறது" என்று ஒரே வரியில் முடிந்துவிடும். இப்படிக் கேளுங்கள்:

(அ) இந்தச் சுரங்கப்பாதையில் வடிகாலும் மோட்டார் பம்பும் அமைக்க எவ்வளவு தொகை ஒதுக்கப்பட்டது, அதில் எவ்வளவு செலவானது?
(ஆ) வேலை எந்தத் தேதிக்குள் முடியும்?
(இ) தாமதம் என்றால் காரணம் என்ன?

தொகையையும் தேதியையும் கேட்டால், மழுப்பினாலும் அந்த மழுப்பல் வெளிப்படையாகத் தெரியும். கேட் எண்ணும் இரு பக்க ஸ்டேஷன் பெயரும் கட்டாயம் இருக்கட்டும். அணுகுசாலை மாநில அரசின் பொறுப்பில் இருந்தால் அதைக் கேள்வியில் சேர்க்க வேண்டாம். மத்திய அரசின் பொறுப்பில் இல்லாத விஷயம் என்று கேள்வியே தள்ளப்படலாம்.

அடுத்தது நேரம். பதில் வர வேண்டிய நாளுக்குக் குறைந்தது 15 நாள் முன்பே எம்.பி.யின் கேள்வி நோட்டீஸ் மக்களவைச் செயலகத்துக்குப் போக வேண்டும். குளிர்காலக் கூட்டத்தொடர் வழக்கமாக நவம்பர் கடைசியிலோ டிசம்பர் தொடக்கத்திலோ தொடங்கும். ஐப்பசி மழையில் பாதை மூழ்கிய தேதிகளைக் குறித்து வைத்துக்கொண்டு உடனே எம்.பி.யைப் போய்ப் பாருங்கள்.

பதிலில் "பரிசீலனையில் உள்ளது" என்று இருந்தால் பலரும் சோர்ந்துவிடுகிறார்கள். சோர வேண்டாம். அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று மக்களவையில் இருக்கிறது. இத்தகைய சொற்களை அது வாக்குறுதியாக எடுத்துக்கொள்ளும், 3 மாதத்தில் நிறைவேற்ற வேண்டும் என்பது விதி. கெடு நீட்டிப்பு கேட்பார்கள், ஆனாலும் கோப்பு மூடாது. அந்தப் பதிலின் நகலோடு எம்.பி.யை மறுபடி பாருங்கள்.

அவையில் குரல் கேட்கத்தான் வேண்டும் என்றால் மக்களவை நடைமுறை விதி 377 இருக்கிறது. 250 சொல்லுக்குள் எழுதித் தர வேண்டும், அமைச்சகம் உறுப்பினருக்குப் பதில் எழுதும்.

அப்புறம், ஊர் மக்களே கையெழுத்திட்டு அவைக்கு மனு தரவும் வழி உண்டு, மனுக்கள் குழு அதை ஆராயும். தமிழில் எழுதலாம், ஆனால் ஆங்கில அல்லது இந்தி மொழிபெயர்ப்பு கூடவே இருக்க வேண்டும். ஓர் உறுப்பினர் மூலம் அவையில் தாக்கல் செய்தால் அவரும் அதில் மேலொப்பமிட வேண்டும். கடிதம், பிரமாணப் பத்திரம் எதையும் அதோடு இணைக்கக் கூடாது. தண்ணீர் நிற்கும் போட்டோக்களை எம்.பி.யிடம் தனியாகக் கொடுங்கள்.