மத அடிப்படையில் நடக்கும் நிறுவனத்தில் வேலைக்குச் சேரலாமா? பயிற்சியும் சூழலும் எப்படி இருக்கும்?

தாராளமாகச் சேரலாம். ஆனால் சம்பளத்தைப் பேசிவிட்டுச் சேருங்கள். நான் இந்துக் குடும்பத்துப் பெண். தென் மாவட்டத்தில் ஒரு கிறிஸ்தவ மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். எனக்குத் தெரிந்த இடத்தை வைத்துத்தான் சொல்கிறேன்.

முதலில் ஓரியன்டேஷன் நடக்கும். ஆஸ்பத்திரியின் வரலாறு, பைபிள் வசனம், காலை ஜெபம் எல்லாம் உண்டு. ஜெபத்துக்கு வந்தே ஆக வேண்டும் என்று எங்களை யாரும் வற்புறுத்தவில்லை. ஷிப்ட் மாறும்போது வார்டிலேயே சின்னதாக ஒரு ஜெபம் நடக்கும். அமைதியாக நிற்போம், அவ்வளவுதான்.

நிஜமான பயிற்சி அதற்கு அப்புறம்தான். ஒரு பாட்டி இறந்ததும் வார்டு சிஸ்டர் என்னைக் கூடவே நிறுத்திக்கொண்டு உடலைத் துடைத்தார். "பாட்டி, கையைத் தூக்குறேன். இப்போ திருப்பிப் படுக்க வைக்கிறேன்" என்று, உயிரோடு இருப்பவரிடம் பேசுவதுபோலவே ஒவ்வொன்றையும் சொல்லிச் செய்தார். முடிந்ததும் வெளியே போய், "திருநீறு வைக்கணுமா?" என்று மகனிடம் கேட்டார். இஸ்லாமியர் இறந்தால் குளிப்பாட்டுவதை அவர்கள் ஆட்களுக்கே விட்டுவிட வேண்டும் என்பதையும் அவர்தான் சொல்லித் தந்தார். எந்த நர்ஸிங் புத்தகத்திலும் இதை நான் படித்ததில்லை. அந்த சிஸ்டரின் பக்தி முழுக்க அவர் கையில்தான் இருந்தது.

நம்பிக்கையில் பிறந்த நல்ல நிறுவனங்கள் இப்படித்தான் ஆட்களை வளர்க்கின்றன. 1900இல் ஐடா ஸ்கடர் என்ற மிஷனரி டாக்டர் ஒரே ஒரு படுக்கையோடு ஆரம்பித்ததுதான் வேலூர் சி.எம்.சி. என்ற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கியது. அதை நிறுவிய டாக்டர் வெங்கடசாமி, ஆன்மிக ஞானி ஸ்ரீ அரவிந்தரின் வழியில் நடந்தவர். பள்ளிப் படிப்பு முடித்த கிராமத்துப் பெண்களை எடுத்து, இரண்டு வருடம் பயிற்சி கொடுத்து, கண் பரிசோதனையிலிருந்து ஆபரேஷன் தியேட்டர் உதவி வரை அங்கே அவர்களிடம் ஒப்படைக்கிறார்கள்.

சரி, சங்கடம் எங்கே? சம்பள உயர்வு கேட்டால், "இது ஊழியம்மா, பணத்தைப் பார்க்காதே" என்பார்கள். எனக்கு இன்றும் ஆறாத கோபம் இதில்தான். ராத்திரி முழுக்க நின்று பார்க்கிற பெண்ணுக்கும் வீட்டு வாடகை உண்டு, பிள்ளைக்கு ஃபீஸ் உண்டு. உச்ச நீதிமன்ற உத்தரவின்படி அமைந்த குழு, ஐம்பது படுக்கைக்கும் குறைவான தனியார் ஆஸ்பத்திரியில்கூட நர்ஸுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று 2016இலேயே பரிந்துரைத்துவிட்டது. சேவை மனசு நிர்வாகத்துக்கும் இருக்க வேண்டும் இல்லையா?

அதனால் இன்டர்வியூவிலேயே கூச்சப்படாமல் கேளுங்கள். ஜெபத்துக்கோ பூஜைக்கோ வருகைப் பதிவு உண்டா? வேற்று மதத்தவர் யாராவது இன்சார்ஜ் பதவிக்கு வந்திருக்கிறார்களா? வேலையை விட்டுப் போக மாட்டேன் என்று எழுதி வாங்கும் பாண்ட் எத்தனை வருஷத்துக்கு? பதிலை அங்கே ஏற்கனவே வேலை பார்ப்பவர்களிடமும் விசாரித்துக்கொள்ளுங்கள். ஒரிஜினல் சர்டிபிகேட்டை மட்டும் கொடுத்துவிடாதீர்கள், சரிபார்க்கக் காட்டிவிட்டு ஜெராக்ஸ் கொடுங்கள்.