டயாலிசிஸ் ஊசி பயம்: கேள்வி பதில்

கேள்வி: ஒருமுறை ஃபிஸ்டுலாவில் (டயாலிசிஸுக்காகக் கையில் இரண்டு ரத்தக் குழாய்களை இணைத்த இடம்) ஊசி விலகி அப்பாவுக்குக் கை வீங்கிவிட்டது, சிஸ்டர். அதிலிருந்து முந்தின நாள் ராத்திரியே தூக்கம் போய்விடுகிறது. தைரியம் சொன்னால் போதாதா?

பதில்: போதாதும்மா. 15 முதல் 17 கேஜ் வரை தடிமனான ஊசிகள், தடவைக்கு இரண்டு, வாரத்துக்கு மூன்று நாள். பட்ட வலியை மறக்க உடம்புக்கு அவகாசமே இல்லை. முதலில் வலியைக் குறையுங்கள். லிடோகைன் 2.5%, பிரிலோகைன் 2.5% கலந்த மரத்துப்போகும் கிரீம் அவருக்கு ஒத்துக்கொள்ளுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பத்து நிமிஷம் முன்னால் தேய்த்துவிட்டு ‘வேலை செய்யலை’ என்பவர்களே அதிகம். தேய்க்கக் கூடாது. கெட்டியாகப் பூசி, மேலே பிளாஸ்டிக் ஒட்டி, குறைந்தது ஒரு மணி நேரம் விட வேண்டும். அடுத்த தடவை எந்த இரண்டு இடத்தில் குத்துவார்கள் என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். இல்லாவிட்டால் பூசியது ஓரிடம், குத்துவது வேறிடமாகிவிடும். ஊசிக்கு முன் கிரீமைத் துடைத்து, அந்தக் கையைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவணும். ‘இரண்டு முறை தவறினால் சீனியரைக் கூப்பிடவும்’ என்று ஃபைலின் முதல் பக்கத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: ஊசியைப் பார்த்தாலே மயக்கம். மூச்சை மெதுவாக விடச் சொல்கிறார்கள், பலனில்லை.

பதில்: அது படபடப்புக்கு உதவும். மயக்கம் வருவது பிரஷர் சட்டென்று இறங்குவதால். அதற்குத் தளரக் கூடாது, இறுக்கணும். தொடை, வயிறு, ஃபிஸ்டுலா இல்லாத கை மூன்றையும் 10-15 விநாடி, முகம் சூடாகும்வரை இறுக்கி, 20-30 விநாடி விட்டு, ஐந்து முறை செய்யுங்கள். ஃபிஸ்டுலா கை அசையவே கூடாது. பிரஷர், இதய நோய் இருந்தால் டாக்டரைக் கேட்டுச் செய்யுங்கள்.

கேள்வி: பயமாக இருக்கும் நாளில் ஒரு டயாலிசிஸை விட்டால்?

பதில்: விடாதீர்கள். பொட்டாசியம் ஏறினால் இதயம் நின்றுவிடலாம்.

கேள்வி: இந்த வாரம் மட்டும்?

பதில்: இப்போதுதான் சொன்னேன். ஒரு நாளும் கூடாது. தள்ளிப்போடப் போட பயமும் வளரும்.

கேள்வி: பக்கத்து பெட்காரர் தூக்க மாத்திரை தந்தார்.

பதில்: போடாதீர்கள். டயாலிசிஸின்போது பிரஷர் இறங்கினால் தூக்கத்தில் உங்களுக்கே தெரியாது.

கேள்வி: கெட்ட கனவு, திடுக்கிடல் ஒரு மாதத்துக்கு மேல் இருக்கிறது.

பதில்: மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐயும் அழைக்கலாம், இலவசம்.

கேள்வி: ‘குத்தப்போகிறேன்’ என்று முன்னாலேயே சொல்லிக் குத்தினால்தான் பயம் கூடும், சிஸ்டர். பேச்சுக் கொடுத்தபடி டக்கென்று குத்துவதே நல்லது.

பதில்: ஒத்துக்கொள்ள மாட்டேன். என்றோ ஒரு நாள் போடும் ஊசிக்கு அது சரி. வருஷத்துக்கு 150 தடவைக்கு மேல் வருகிறவருக்கு எப்போது குத்துவார்கள் என்றே தெரியாவிட்டால், பிளாஸ்திரி மாற்ற நர்ஸ் வந்தாலும் உடம்பு விறைக்கும்.

கேள்வி: டயாலிசிஸ் செய்துகொள்ளும் என் அம்மாவே ‘குத்தும்போது சொல்லாதே’ என்கிறாரே?

பதில்: அப்படியானால் சொல்ல வேண்டாம். அவர் கேட்டுக்கொண்டு சொல்லாமலிருப்பது வேறு, ஏமாற்றிக் குத்துவது வேறு. அதையும் ஃபைலில் எழுதுங்கள்.

கேள்வி: யூனிட்டில் அத்தனை பேர். இதற்கெல்லாம் நர்ஸுக்கு ஏது நேரம்?

பதில்: ‘குத்தப்போகிறேன்’ என்று சொல்லி மூன்று எண்ண ஐந்து விநாடி போதும். நடுங்குகிற கையில் ஊசி விலகினால் அதை எடுத்து, அழுத்திப் பிடித்து, ஐஸ் வைத்து, வேறு இடம் தேடணும். நேரம் அங்கேதான் போகிறது.