மகிழ்ச்சிக்கு மரபணுப் பரிசோதனை தேவையா?

கேள்வி: எனக்கு வயது 34. என் தங்கை எதையும் சிரித்தபடி கடந்துவிடுவாள். எனக்கோ நல்லது நடந்தாலும் ‘இதற்கு நான் தகுதியானவள் இல்லை’ என்றே தோன்றுகிறது. அம்மாவும் இப்படித்தான். ஆக்சிடோசின் மரபணுதான் மகிழ்ச்சியைத் தீர்மானிக்கிறது என்று படித்தேன். நான் மரபணுப் பரிசோதனை செய்துகொள்ளலாமா, டாக்டர்?

பதில்: வேண்டாம், அம்மா. அதன் முடிவை வைத்து எந்த மருத்துவராலும் உங்களுக்குச் சிகிச்சை சொல்ல முடியாது.

நீங்கள் படித்ததற்கு ஓர் அடிப்படை உண்டு. ஆக்சிடோசின், மூளையின் ஹைப்போதலாமஸில் உருவாகும் ஹார்மோன். பிரசவம், தாய்ப்பால் சுரப்பு, மனிதர்களுக்கிடையிலான நெருக்கம் ஆகியவற்றில் அதற்குப் பங்கு இருக்கிறது. செல்களில் அந்த ஹார்மோன் வந்து ஒட்டும் இடத்தை ஏற்பி என்பார்கள். அந்த ஏற்பிக்கான மரபணுவில் உள்ள ஒரு சிறு வேறுபாட்டைச் சுயமதிப்போடும் நம்பிக்கை மனப்பான்மையோடும் தொடர்புபடுத்தி 2011-ல் ஓர் ஆய்வு வெளியானது. அதில் பலர் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு. மரபணுவுக்கும் மனச்சோர்வு அறிகுறிகளுக்கும் இடையிலான தொடர்பு, தன்னைப் பற்றிய இந்த எண்ணங்களின் வழியாகவே தெரிந்தது. பிறகு 2014-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இந்த வேறுபாட்டுக்கும் மனிதரின் சமூக இயல்புக்கும் உறுதியான தொடர்பு கிடைக்கவில்லை. 2016-ல் சுமார் 3 லட்சம் பேரின் மரபணுக்களை அலசியதில், மரபணுத் தொகுதியில் மனநிறைவோடு தொடர்புடைய இடங்களாக மூன்றுதான் கிடைத்தன. ஒவ்வொன்றின் பங்கும் மிகமிகச் சிறியது.

மனநிறைவில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் ஏறத்தாழ 30 முதல் 40 சதவீதம் மரபு சார்ந்தது என்கின்றன இரட்டையர் ஆய்வுகள். இது மக்கள் கூட்டத்துக்கான கணக்கு. தனி ஒருவரின் மகிழ்ச்சியில் இவ்வளவு என்று அளந்து சொல்வதல்ல.

எனக்குக் கவலை தந்தது ‘தகுதியானவள் இல்லை’ என்ற உங்கள் வரிதான். அது அம்மாவின் மரபணுவிலிருந்து வந்ததா, அம்மா தன்னையே குறைத்துப் பேசியதைக் கேட்டு வளர்ந்ததால் வந்ததா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. எதுவாக இருந்தாலும் அதை மாற்ற முடியும். அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில் இதற்கென்றே பயிற்சி தருகிறார்கள். அந்த எண்ணம் எழுந்ததும் என்ன நடந்தது, மனதில் என்ன ஓடியது, அதற்கு ஆதாரம் என்ன, எதிரான ஆதாரம் என்ன என்று எழுத வேண்டும். எதிரான ஆதாரத்தை எழுதத்தான் கை தயங்கும். அங்கேதான் ஒரு சிகிச்சையாளரின் துணை பெரிதும் உதவும். ‘மகிழ்ச்சி ஹார்மோன்’ என்று விற்கப்படும் ஆக்சிடோசின் மூக்குத் தெளிப்பான்களை நீங்களாக வாங்கிப் பயன்படுத்தாதீர்கள்.

ஹார்மோன் என்றால் முதலில் பார்க்க வேண்டியது தைராய்டு. அது குறைவாகச் சுரந்தால் சோர்வும் மனச்சோர்வும் வரும், மாத்திரையில் சரிசெய்யலாம். டி.எஸ்.எச். (தைராய்டு சரியாகச் சுரக்கிறதா என்று காட்டுவது), ஹீமோகுளோபின், வைட்டமின் பி12 ஆகிய ரத்தப் பரிசோதனைகளைச் செய்துகொண்டு, முடிவுகளோடு உங்கள் மருத்துவரைப் பாருங்கள். இரண்டு வாரங்களுக்கு மேல் பெரும்பாலான நாட்களில் மனம் சோர்ந்தோ, எதிலும் நாட்டமில்லாமலோ இருந்தால் மனநல மருத்துவரிடம் செல்லுங்கள். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் வீட்டில் ஒருவரிடம் உடனே சொல்லி, அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.