லடாக்கில் சேவாங் நோர்பெல் உருவாக்கிய செயற்கைப் பனியாறு எப்படி வேலை செய்கிறது? ஒரு பொறியாளராக அவர் செய்தது என்ன?

"மலையில் ஐஸ் தயாரித்த மனிதர்" என்று ஒரே வரியில் செய்தி போட்டுவிடுகிறார்கள். லடாக்கில் ஐஸ் தயாரிப்பது பெரிய வேலை இல்லை. டிசம்பரில் வாளித் தண்ணீரை ராத்திரி வாசலில் வைத்தால் விடிவதற்குள் கட்டியாகிவிடும். நோர்பெல் மாற்றியது தண்ணீர் வயலுக்கு வந்து சேரும் தேதியை. அவருடைய வேலை முழுக்க அந்தத் தேதியைச் சுற்றித்தான்.

லடாக் விவசாயியின் கஷ்டம் எந்த மாதத்தில் என்று முதலில் பார்த்துவிடலாம். லே நகரம் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மழை, பனி எல்லாம் சேர்த்தே ஆண்டுக்கு ஏறத்தாழ 100 மில்லிமீட்டர்தான். வாற்கோதுமை, கோதுமை, பட்டாணி என்று வருடத்துக்கு ஒரே போகம். ஏப்ரல் நடுவிலிருந்து மே மாதத்துக்குள் விதைத்தாக வேண்டும். தள்ளிப்போனால், கதிர் முற்றுவதற்குள் செப்டம்பர் குளிர் வந்து பயிரைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் ஓடைகளுக்குத் தண்ணீர் தரும் பனியாறுகள் 5,000 மீட்டருக்கு மேலே இருக்கின்றன. அவை சரியாக உருக ஜூன் நடுப்பகுதி ஆகிவிடும். ஜூலையில் கரை புரளும் ஓடை, விதைக்க வேண்டிய ஏப்ரலில் நூலாக ஓடும். ஊருக்கே வருத்தமான விஷயம் இன்னொன்று உண்டு. வயலில் வேலையே இல்லாத நவம்பர் முதல் மார்ச் வரை, அதே ஓடையில் ஊற்றுநீர் கொஞ்சம் கொஞ்சமாக ஓடி, யாருக்கும் உதவாமல் சிந்து நதிக்குப் போய்விடுகிறது.

நோர்பெல் 1935இல் லேயில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். ஸ்ரீநகரில் அமர்சிங் கல்லூரியில் படித்து, லக்னோவில் சிவில் பொறியியல் பட்டயம் முடித்து, 1960இல் ஜம்மு காஷ்மீர் அரசின் ஊரக வளர்ச்சித் துறையில் சேர்ந்தார். 1990களின் நடுவில் ஓய்வு பெறும்வரை சாலை, சிறுபாலம், பள்ளிக் கட்டடம், வாய்க்கால், 'ஸிங்' என்று லடாக் கிராமங்களுக்கு வேண்டியதையெல்லாம் கட்டினார். ஸிங் என்பது ஊர்க் குட்டை. இரவில் வாய்க்கால் நீரைத் தேக்கிக் காலையில் திறந்துவிடுவார்கள். முறை வைத்துத் தண்ணீர் பிரித்துவிட ஊருக்கு ஒரு 'சுர்போன்' இருப்பார். நம் ஏரிப் பாசன ஊர்களில் நீர்க்கட்டி என்று அழைக்கப்படும் ஆள் பார்க்கும் அதே வேலை. எந்த வாய்க்கால் எந்த வளைவில் உடையும், எந்தக் குட்டை ஏன் ஒழுகும், எந்த இரண்டு வீட்டுக்காரர்கள் மடைத் தண்ணீருக்காகச் சண்டை போடுவார்கள் என்பதையெல்லாம் பல வருடம் கூடவே நின்று பார்த்தவருக்குத்தான் அடுத்த யோசனை வந்தது. அதை ஒரு வெளியாள் கண்டுபிடித்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

பொறி தட்டியது ஒரு குழாயடியில். குளிர்காலத்தில் குழாய் உறைந்து வெடித்துவிடாமல் இருக்க, அங்கே தண்ணீரைச் சொட்டவிட்டே வைப்பார்கள். அப்படி வழிந்த நீர் முற்றத்தில் ஓடிய இடத்தில் உறையவில்லை. பாப்லர் மரங்களின் நிழலில் மெதுவாகப் பரவிய இடத்தில் மட்டும் கெட்டியாக உறைந்து கிடந்தது. ஒரே தண்ணீர், ஒரே குளிர். வேகமும் வெயிலும்தான் வேறு. முதல் செயற்கைப் பனியாற்றை 1987இல் புக்ட்ஸே கிராமத்தில் அமைத்தார்.

அமைக்கும் முறை இதுதான். ஓடையின் மேல்பகுதியில் கல்லால் ஒரு தடுப்பு வைத்து, அங்கிருந்து மலைச்சரிவை ஒட்டி ஒரு வாய்க்கால் வெட்ட வேண்டும். இந்த வாய்க்கால் குறுகலாக, ஓரளவு சரிவோடு இருக்க வேண்டும். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தால்தான் வாய்க்காலுக்குள்ளேயே உறைந்து அடைத்துக்கொள்ளாது. நிழல் விழும் சரிவுக்கு வந்ததும் கதை நேர் எதிராகிறது: அங்கே தண்ணீரை எவ்வளவு முடியுமோ அவ்வளவு மெல்லியதாக, அகலமாகப் பரப்ப வேண்டும். வாய்க்கால் கரையில் சுமார் ஐந்தடிக்கு ஒன்றாகச் சிறு இரும்புக் குழாய்களைப் பதித்து, ஒவ்வொன்றிலும் கொஞ்சமாக நீர் விழவிடுவார்கள். கீழே சரிவின் குறுக்கே தாழ்வான கல்சுவர்கள் படிப்படியாக இருக்கும். வழியும் நீரைச் சுவர் தடுக்கும், வேகம் தணியும், இரவில் அப்படியே உறையும். மறுநாள் அதன் மேல் இன்னொரு படலம். நவம்பரில் மதகைத் திறந்தால் பிப்ரவரி, மார்ச் வரை அடுக்கடுக்காக ஏறிக்கொண்டே போகும்.

ஆழமாக ஒரு குளம் வெட்டி, அது முழுக்க உறையட்டும் என்று விட்டுவிட்டால் என்ன என்று பலர் கேட்கிறார்கள். பனிக்கட்டியே குளிரை மறைக்கும் போர்வை. மேலே ஒரு படலம் உறைந்ததும் அடியில் இருக்கும் தண்ணீரின் வெப்பம் வெளியேற வழி குறைகிறது. தடிமன் காலத்தின் வர்க்கமூலத்தை ஒட்டித்தான் வளரும். இரண்டு மடங்கு தடிமன் வேண்டுமென்றால் நான்கு மடங்கு நாள் காத்திருக்க வேண்டும். மேலிருந்து புதுத் தண்ணீரை மெல்லியதாக ஊற்றிக்கொண்டே இருந்தால் இந்தத் தடை கிடையாது. ஒவ்வொரு படலமும் குளிர்காற்றை நேராகத் தொடும். குளத்துக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும். அடைபட்ட குளத்தில் அந்த விரிவு கரையைத்தான் தள்ளும்.

இடம் தேர்வதுதான் பாதி வேலை. லே வடக்கு அட்சரேகை 34 பாகையில் இருப்பதால், டிசம்பர் கடைசியில் நண்பகல் சூரியனே அடிவானத்திலிருந்து 32, 33 பாகை உயரம்தான் ஏறும். தெற்கே செங்குத்தான மலை இருந்தால் அதன் வடக்குச் சரிவில் நாள் முழுக்க நிழல். அதே சூரியன் ஏப்ரல் நடுவில் 65 பாகைக்கு மேல் ஏறிவிடும். மலைமுகட்டைத் தாண்டி வெயில் நேராகப் பனியில் விழும். குளிர்காலத்தில் நிழலும் விதைப்புக் காலத்தில் வெயிலும் தானாகவே அமையும் இடத்தைத்தான் தேட வேண்டும். உயரமும் முக்கியம். இயற்கைப் பனியாற்றைவிடத் தாழ்வாக, ஊருக்கு அருகில் இருந்தால்தான் முன்கூட்டியே உருகும். ஒரே பள்ளத்தாக்கில் மூன்று நான்கு இடத்தில் வெவ்வேறு உயரத்தில் அமைத்தால் இன்னும் நல்லது: கீழே இருப்பது முதலில் உருகும், அது தீரும் நேரத்தில் அடுத்தது, பிறகு அதற்கும் மேலே இருப்பது. கடைசியில் இயற்கைப் பனியாறு வந்து பொறுப்பை வாங்கிக்கொள்ளும். அந்தத் தொடர்ச்சி எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

எவ்வளவு தண்ணீர் கிடைக்கும்? புக்ட்ஸேயில் இருப்பது சுமார் 1,000 அடி நீளம், 150 அடி அகலம், 4 அடி கனம் என்று பதிவாகியிருக்கிறது; செலவு ஏறத்தாழ 90,000 ரூபாய். பெருக்கினால் 6 லட்சம் கன அடி பனிக்கட்டி. உருகினால் சுமார் 1.5 கோடி லிட்டர். ஒரு ஏக்கருக்கு மூன்று அங்குலம் தண்ணீர் கட்ட 3 லட்சம் லிட்டர் வேண்டும். கணக்குப்படி 50 ஏக்கருக்கு ஒரு முழுத் தண்ணீர். வாய்க்காலில் கசிவது, வறண்ட காற்றில் பனி நேராக ஆவியாவது என்று பாதியைக் கழித்தாலும் 25 ஏக்கர். துண்டு துண்டான வயல்களை வைத்திருக்கும் மலைக் கிராமத்துக்கு, அதுவும் விதைப்பு நேரத்தில், இது பெரிய தண்ணீர். கசிவு என்று கழித்ததும் முழுக்க வீணாகாது. கீழே இருக்கும் ஊற்றுகளுக்குப் போய்ச் சேரும்.

சிமெண்ட் கான்கிரீட்டில் அழகாக ஒரு தடுப்பணை கட்டியிருக்கலாமே என்றால், அங்கே கான்கிரீட் வேலை செய்யக் கிடைப்பது மே முதல் செப்டம்பர் வரைதான். வெப்பம் 5 பாகை செல்சியஸுக்குக் கீழே போனால் கான்கிரீட் சரியாக இறுகாது. இறுகினாலும், நுண்துளைகளில் ஏறிய ஈரம் குளிர்காலம் தோறும் உறைந்து விரிந்து வெடிப்பு விடும். சிமெண்ட் மூட்டையைக் கழுதை முதுகில் ஏற்றிக் கொண்டுபோக வேண்டிய இடம் வேறு. நோர்பெல் அந்தந்த மலையில் கிடைக்கும் கல்லையே அடுக்கினார். தேவையான இடத்தில் கம்பிவலைக் கூடைக்குள் கல்லை நிரப்பி வைத்தார். அப்படிக் கட்டிய சுவர் கொஞ்சம் அசையும், இறங்கும், ஆனால் உடையாது. சரிந்தாலும் ஊர்க்காரர்களே நாலு பேர் சேர்ந்து தூக்கி வைத்துவிடலாம், லேயிலிருந்து ஒப்பந்தக்காரர் வரத் தேவையில்லை. அவருடைய வடிவமைப்பில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான்.

இனி, கெட்டுப்போகும் விதங்கள். முதலாவது வாய்க்கால் அடைப்பு. கடுங்குளிர் இரவில் நீர்வரத்து குறைந்தால் வாய்க்கால் ஓரத்திலிருந்து உறையத் தொடங்கி, நடுவில் மூடிக்கொள்ளும். பின்னால் வரும் தண்ணீர் கரை மேல் வழிந்து வேறு பக்கம் போய்விடும். யாராவது போய்க் கடப்பாரையால் உடைத்துவிட வேண்டும், மைனஸ் 20 பாகைக் குளிரில். ஒரு வாரம் கவனிக்காமல் விட்டால், அந்த வாரத்துப் பனி போனது போனதுதான். இரண்டாவது, ஒரே குழாயில் நிறைய நீர் விழுவது. அது உறைவதற்குப் பதில் கீழே இருக்கும் பனியை அறுத்துப் பள்ளமாக்கிவிடும். தினமும் நீரைப் பிரித்துவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மூன்றாவது வண்டல். கலங்கல் நீர் உறைந்தால் பனியின் மேல் கறுப்பு படியும்; கறுப்பு வெயிலை இழுக்கும்; மார்ச்சிலேயே கரைந்து வீணாகும்.

எல்லாவற்றையும்விடப் பெரியது வெள்ளம். கல் அடுக்கிய சுவர்கள் ஓடைப் படுகையில் இருந்தால் கோடையில் ஒரு மேகவெடிப்பு போதும். 2006 வெள்ளமும், லே நகரையே உலுக்கிய 2010 ஆகஸ்ட் வெள்ளமும் அவர் கட்டியவற்றில் பலவற்றைச் சேதப்படுத்தின. மறுபடி கட்டப் பணமும் ஆளும் கிடைத்த இடத்தில் பிழைத்தன, மற்ற இடங்களில் கற்குவியலாகக் கிடக்கின்றன. குளிர்காலத்தில் ஊற்றுநீர் வற்றும் ஓடையாக இருந்தாலும் இந்த முறை பயன்படாது.

இந்தக் குறைகளில் சிலவற்றைத் தீர்க்கத்தான் லடாக்கைச் சேர்ந்த பொறியாளர் சோனம் வாங்சுக் 2013 முதல் ஐஸ் ஸ்தூபியைக் கொண்டுவந்தார். மேலேயிருந்து புதைகுழாயில் வரும் நீரை, அதன் சொந்த அழுத்தத்திலேயே செங்குத்தாகப் பீய்ச்சிக் கூம்பாக உறையவைக்கிறார்கள். கூம்புக்கு அதன் கன அளவோடு ஒப்பிட்டால் வெயில் படும் பரப்பு குறைவு, ஆகவே நிழல் தேட வேண்டாம், ஊருக்குப் பக்கத்திலேயே வைக்கலாம். ஆனால் குழாய்க்குச் செலவு உண்டு, குழாய் உறைந்தால் வேலை நின்றுவிடும். எது சிறந்தது என்று சண்டை போடுவதில் அர்த்தமில்லை. பள்ளத்தாக்கைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஓய்வு பெற்ற பிறகு நோர்பெல் லே நியூட்ரிஷன் ப்ராஜெக்ட் என்ற தொண்டு நிறுவனத்தில் சேர்ந்து நீர்ப்பிடிப்பு வேலைகளைப் பார்த்தார். அவர் அமைத்தவை பத்துக்கும் மேல். உம்லா, ஸ்டக்மோ, இகூ, நாங் என்று ஊர் ஊராகப் போனார். 2010இல் ஜம்னாலால் பஜாஜ் விருது, 2015இல் பத்மஸ்ரீ. பத்மஸ்ரீ வந்தபோது அவருக்கு எண்பது வயதை ஒட்டி இருக்கும். அந்த வயதுக்காரர் ஒருவர் பெரிய திட்டம் எதையும் கையில் எடுக்காமல், ஊர் ஊராக நடந்து, "இந்தச் சரிவில் எத்தனை மணிக்கு வெயில் வரும்?" என்று தெரிந்துகொண்டு வேலை செய்ததை நாம் சரியாகக் கொண்டாடவில்லை என்பது என் எண்ணம்.

வேறு இமயமலைக் கிராமத்தில் இதைச் செய்து பார்க்க நினைப்பவர்கள் ஒரு முழுக் குளிர்காலத்தை அளப்பதற்கே ஒதுக்குங்கள். ஓடையில் ஒவ்வொரு வாரமும் வினாடிக்கு எத்தனை லிட்டர் ஓடுகிறது, நினைத்திருக்கும் சரிவில் எந்த நாளில் எத்தனை மணிக்கு வெயில் விழுகிறது, இரவில் எத்தனை பாகை என்று எழுதி வையுங்கள். கோடையில் வெள்ளம் எந்த உயரம் வரை வந்தது என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுப் பாறையில் குறி வையுங்கள். சுவர் எல்லாம் அந்தக் குறிக்கு மேலே இருக்கட்டும். டிசம்பர், ஜனவரி இரவுகளில் கடப்பாரையோடு வாய்க்காலுக்குப் போகப்போவது யார், அவருக்கு ஊர் என்ன கூலி தரும் என்பதையும் முதல் கல்லை வைப்பதற்கு முன்பே ஊர்க்கூட்டத்தில் பேசி முடித்துவிடுங்கள்.