குமிழைத் திருப்புவதற்கு முன் டார்ச் பிளஸ்ஸா மைனஸ்ஸா என்று பாருங்கள்

கேள்வி: ஸ்டிக் வெல்டிங்கில் 10 வருட அனுபவம். கேட், கிரில் வேலைக்கு 200 ஆம்பியர் மிக் மெஷின் (வயர் தானாக ஓடி வந்து உருகி ஒட்டும் வெல்டிங் மெஷின்) வாங்கினேன். சிலிண்டர் இல்லாததால், கேஸ் தேவைப்படாத 0.8 மி.மீ. ஃப்ளக்ஸ் கோர் வயரை மாட்டினேன். பொறி கண்டபடி தெறிக்கிறது, ஒட்டு மேலேயே குவிந்து நிற்கிறது, அடிக்கடி வயர் டார்ச்சின் (கையில் பிடித்து வெல்டு செய்யும் பகுதி) நுனியில் உள்ள டிப்பில் ஒட்டிக்கொள்கிறது. வோல்ட், வயர் ஸ்பீடு இரண்டு குமிழ்களையும் எப்படித் திருப்பியும் சரியாகவில்லையே?

பதில்: இப்போதைக்குக் குமிழை விடுங்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் கனெக்ஷன் மாறியிருக்கிறது என்றுதான் முதலில் சந்தேகப்படுவேன். நிறைய மெஷின்கள் கேஸோடு ஓட்டும் வயருக்கான கனெக்ஷனோடுதான், அதாவது டார்ச் பிளஸ்ஸிலும் எர்த் மைனஸிலுமாகத்தான் வருகின்றன. கேஸ் இல்லாத வயருக்கு இது நேர் எதிர்: டார்ச் மைனஸ், எர்த் கிளாம்ப் பிளஸ். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, முன்பக்கம் தொங்கும் குட்டி கேபிள் எதில் சொருகியிருக்கிறது என்று பாருங்கள், டார்ச்சுக்குக் கரன்ட் போவது அதன் வழியாகத்தான். சில மாடல்களில் அது இருக்காது, வயர் சுற்றிய ஸ்பூல் இருக்கும் கதவைத் திறந்தால் உள்ளே இரண்டு போல்ட் தெரியும், அங்கே மாற்ற வேண்டும். மாற்றியதும் நன்றாகத் திருகி இறுக்குங்கள். லூசாக இருந்தால் அந்த இடம் சூடேறிக் கருகிவிடும்.

அடுத்து ரோலர். ஃப்ளக்ஸ் கோர் வயர் உள்ளே பொடி அடைத்த மெல்லிய குழாய், சாதாரண வி பள்ள ரோலரில் போட்டு இறுக்கினால் நசுங்கி, டிப்பில் சிக்கும். பல் வெட்டிய ரோலர் வேண்டும், மெஷினோடு வந்த பையில் இருக்கிறதா என்று தேடுங்கள். இறுக்கம் எவ்வளவு? டார்ச்சை ஒரு மரக்கட்டைக்கு இரண்டு மூன்று அங்குலம் தள்ளிப் பிடித்து வயரை ஓட்டுங்கள். கட்டையில் முட்டி வயர் வளைந்தால் போதும், ரோலர் வழுக்கினால் கால் திருப்பு இறுக்குங்கள். இதைச் செய்யும்போது எர்த் கிளாம்ப் பக்கத்தில் இருக்க வேண்டாம், பல மெஷின்களில் டிரிகரை அழுத்தினாலே வயரில் கரன்ட் வந்துவிடும்.

சரி, இப்போது குமிழ்கள். ஸ்டிக் மெஷினில் நீங்கள் ஆம்பியரை வைக்கிறீர்கள், ஆர்க் (ஸ்டிக் நுனிக்கும் இரும்புக்கும் நடுவில் எரியும் மின்பொறி) நீளத்தைக் கை பார்த்துக்கொள்கிறது. மிக் மெஷின் அப்படி இல்லை. வோல்ட்டை மெஷின் பிடித்து வைத்துக்கொள்ளும், ஆம்பியரை முடிவு செய்வது வயர் ஸ்பீடு. வயர் வேகமாக வந்தால் அதை உருக்க அதிக கரன்ட் இழுக்கும், அவ்வளவுதான். அதனால் ஒன்றை மட்டும் தனியாக ஏற்றிக்கொண்டே போனால் சரிவராது, இரண்டும் ஜோடியாக நகர வேண்டும். 2 மி.மீ. சதுர பைப்புக்கு 16 வோல்ட் பக்கத்தில் நிறுத்திவிட்டு, வேஸ்ட் துண்டில் வயர் ஸ்பீடை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக் காதைக் கொடுத்துக் கேளுங்கள். வயர் பைப்பில் போய்க் குத்திக் கையைப் பின்னால் தள்ளினால் ஸ்பீடு அதிகம். நுனியில் உருண்டை கட்டி டிப்பை நோக்கி எரிந்தால் ஸ்பீடு குறைவு, உங்கள் டிப் ஒட்டுவதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். நடுவில் ஒரு இடத்தில் எண்ணெயில் மீன் பொரிகிற மாதிரி ஒரே சீரான சத்தம் வரும், அங்கே நிறுத்துங்கள். இந்தச் சத்தத்தைப் பிடித்துவிட்டால் எந்தக் கம்பெனி மெஷினிலும் நீங்கள் செட் செய்துவிடலாம் என்று தைரியமாகச் சொல்வேன்.

டிப்புக்கு வெளியே வயர் 12 முதல் 15 மி.மீ. நீட்டியிருக்கட்டும். டார்ச்சை ஸ்டிக் மாதிரியே இழுத்துக்கொண்டு போங்கள், இந்த வயரிலும் கசடு வரும் என்பதால் உங்கள் பழைய கைப்பழக்கம் இங்கே அப்படியே உதவும். 2டி, 4டி சுவிட்ச் குழப்பம் இல்லை: 2டியில் அழுத்திப் பிடித்திருக்கும் வரை எரியும், 4டியில் ஒருமுறை அழுத்தி விட்டால் எரிந்துகொண்டே இருக்கும், மறுபடி அழுத்தி விட்டால் நிற்கும். துண்டு துண்டாக டேக் (சின்னச் சின்ன ஒட்டு) போடும் கிரில் வேலைக்கு 2டி போதும். இண்டக்டன்ஸ் குமிழ் (ஆர்க் எவ்வளவு மென்மையாக எரிய வேண்டும் என்று மாற்றுவது) இருந்தால் இப்போதைக்கு நடுவில் வைத்துவிடுங்கள்.

பின்னால் சிலிண்டர் வாங்கி சாலிட் வயருக்கு (உள்ளே பொடி இல்லாத, கேஸோடு ஓட்டும் வயர்) மாறினால், கனெக்ஷனை மறுபடி டார்ச் பிளஸ்ஸுக்கு மாற்ற மறந்துவிடாதீர்கள். கேஸ் நிமிடத்துக்கு 10 முதல் 15 லிட்டர் போதும், ஆனால் பட்டறையில் ஃபேன் காற்று நேராக அடித்தால் எவ்வளவு கேஸ் விட்டாலும் ஒட்டில் பொடிப்பொடியாக ஓட்டை விழும்.

இவ்வளவும் செய்தும் ஆர்க் விட்டுவிட்டு எரிந்தால் எர்த் கிளாம்ப் கடிக்கும் இடத்தில் பெயின்ட், துரு இருக்கிறதா பாருங்கள், கிரைண்டரில் தேய்த்து வெள்ளை இரும்பு தெரிய வேண்டும். அப்புறம் எக்ஸ்டென்ஷன் ஒயர். நீளமான மெல்லிய ஒயரில் மெஷினுக்கு வோல்டேஜ் இறங்கிப் போகும், காலையில் பிடித்த செட்டிங் மதியம் வேறு இடத்தில் சொருகியதும் வேலை செய்யாது. ஒயரைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் தடிமனான ஒயருக்கு மாற்றிவிட்டு அப்புறம் குமிழைத் தொடுங்கள்.