ரெப்போ சேர்த்ததும் ‘பொதுச் சாவி இல்லை’ என்று ஆப்ட் நிற்பது ஏன்?

டெபியன், உபுண்டு லினக்ஸில் வெளி ரெப்போ (மென்பொருள் களஞ்சியம்) சேர்த்தபின் இந்தப் பிழை வந்தால், பெரும்பாலும் அதன் கையொப்பத்தைச் சரிபார்க்கும் சாவிக் கோப்பை, மென்பொருள் நிறுவும் கருவியான ஆப்டால் படிக்க முடியவில்லை. சாவி இருக்கவேண்டிய இடம் /ஈடிசி/ஆப்ட்/கீரிங்ஸ். கோப்பைத் திறந்து பாருங்கள்: முதல் வரியில் ‘பிகின் பிஜிபி’ என்று எழுத்தாகத் தெரிந்தால் பெயர் .ஏஎஸ்சி என முடியவேண்டும், பைனரி என்றால் .ஜிபிஜி. மாறிப்போனால் ஆப்ட் அதை ஒதுக்கிவிடும். கோப்பின் அனுமதியை 644 (எல்லோரும் படிக்கலாம்) என்று வையுங்கள். 600 என்றால் ரூட் (நிர்வாகிப் பயனர்) மட்டுமே படிக்கும். கையொப்பத்தைச் சரிபார்ப்பதோ ‘_ஆப்ட்’ என்ற தனிப் பயனர்.

பிறகு ரெப்போ வரியில் ‘சைன்டு-பை’ என்று சாவியின் முழுப் பாதையைக் கொடுங்கள். சாவி சேர்க்கும் பழைய கட்டளையான ஆப்ட்-கீ வேண்டவே வேண்டாம். அதில் சேர்த்த சாவியை எல்லா ரெப்போவுக்கும் ஆப்ட் நம்பிவிடும்.

‘ரிலீஸ் கோப்பு இல்லை’ என்ற பிழை வந்தால் ரெப்போ வரியில் உள்ள கோட்நேமை (பதிப்பின் பெயரை) பாருங்கள். லினக்ஸ் மின்ட்டில் அடிப்படை உபுண்டுவின் பெயரையே எழுதவேண்டும், உதாரணமாக ஜாமி.